கிணற்று இரும்பு

பேப்பர் நனைந்திருந்தது.

நேற்று சாயங்காலம் பட்டறையில் கடைசல் முடிந்த கையோடு, மோகன்குமார் தன் காருக்கான இரண்டு பிரேக் டிஸ்க்குகளையும் பெட்ரோலில் துடைத்து, தனித்தனியாகப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, போர்டிகோவில் ஒரு மர ஸ்டூலின் மேல் வைத்திருந்தான். சித்திரை மாதம். சரவணம்பட்டிப் பக்கம் மழை பெய்து மூன்று மாதமாகிறது. கொடியில் போட்ட துணி பத்து நிமிடத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிற வெயில். அந்த வெயிலில், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அந்தப் பேப்பர் மட்டும் ஊறிப்போய் இரும்போடு ஒட்டிக்கிடந்தது. உரித்தால் பிய்ந்து பிய்ந்து வந்தது. முகர்ந்து பார்த்தான். பெட்ரோல் வாசம் கொஞ்சமும் இல்லை. பாசி வாசம் அடித்தது.

காலையில் புவனா போர்டிகோவைக் கழுவிவிட்டிருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஸ்டூலுக்கு மேலே இருப்பதை அவள் ஏன் கழுவப்போகிறாள் என்று யோசிக்கவில்லை. வேண்டாததை யோசிக்காமல் இருப்பதில் அவனுக்கு நாலு வருடப் பழக்கம் உண்டு. ஒரு கை பனியன் வேஸ்ட் துணியை எடுத்து இரண்டையும் அழுத்தித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு, காரின் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கல் கொடுத்தான்.

தாராபுரத்தில் இன்று ஏழு மணிக்கு மச்சினன் கிருபாசங்கருக்கு நிச்சயதார்த்தம். புவனாவின் ஒரே தம்பி. நாலரைக்குக் கிளம்பியே ஆக வேண்டும். காரின் முன்பிரேக்கோ ஒரு வாரமாகவே, மிதித்தால் தேங்காய் துருவுகிற சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க் இரண்டும் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தன. வேறு ஆளாக இருந்தால் கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு வாங்கிவந்திருப்பான். ஆனால் கோயமுத்தூரில் பிறந்து, சொந்தமாக லேத் வைத்திருக்கிறவன், வட்டமாக ஒரு வார்ப்பு இரும்பைக் கடையில் போய் வாங்கினால் கணபதி ஏரியா முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கும். மெக்கானிக்கிடம் ஒரு பழைய டிஸ்க்கை வாங்கி, ஃபவுண்டரி வைத்திருக்கும் சென்னகேசவனிடம் அச்சுக்குக் கொடுத்தான். அவர் வார்த்துக் கொடுத்ததை இவனே லேத்தில் போட்டுக் கடைந்தான்.

கடையும்போதும் ஒன்று நடந்தது. வார்ப்பு இரும்பைக் கடைந்தால் கறுப்புப் பொடியாகத்தான் உதிரும். மூக்குப்பொடி மாதிரி காய்ந்திருக்கும். நேற்று அது சேறாக வழிந்தது. தண்ணீர்க் குழாய் எங்கோ ஒழுகுகிறது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிவைத்திருந்தான்.

ஜாக்கியை வைத்து இடது பக்கத்தைத் தூக்கினான். சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் போல்ட்டுகளைக் கழற்றி, பிரேக் ஆயில் ஹோஸ் இழுபடாமல் அதை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். பழைய டிஸ்க் துருப்பிடித்து, சக்கரம் மாட்டுகிற ஹப்போடு ஒட்டியிருந்தது. சுத்தியலால் நாலு தட்டு தட்டினான். அசையவில்லை. ஐந்தாவது அடி கோபத்தில் விழ, விளிம்பு உடைந்து தரையில் தெறித்தது. இனி அதைத் திரும்ப மாட்ட முடியாது.

"ஏனுங்க, அஞ்சு மணிக்காச்சும் கெளம்பீரலாங்களா?" சமையலறை ஜன்னலிலிருந்து புவனா கேட்டாள்.

"நாலரைக்கே கெளம்பறோம். நீ ரெடியாவு."

"போன வருசமும் இப்படித்தான் சொன்னீங்க. பழனிக்குப் போறதுக்குள்ள நடையே சாத்திப்போட்டாங்க."

அவன் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அதுதான் கடைசி.

புது டிஸ்க்கை எடுக்கப் போனான். வெயிலில் அரைமணி நேரம் கிடந்த இரும்பு கையைச் சுட வேண்டும். அது குளிர்ந்திருந்தது. அதைச் சுற்றித் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். துடைத்தான். துடைத்த இடத்திலேயே பொடிப்பொடியாக நீர் முத்து கட்டியது. மறுபடியும் துடைத்து, மனசில்லாமல்தான், ஹப்பில் ஏற்றினான். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு நட்டைப் போட்டு இறுக்கிவிட்டு, ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கக் கையால் சுற்றிவிட்டான்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் நின்றது.

எதிலும் உரசி நிற்கவில்லை. உரசுவதற்கு அங்கே எதுவும் மாட்டப்படவில்லை. பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. அவன் விளிம்பைப் பிடித்துத் தள்ளினான். கொஞ்சம் போனது. போன அளவு திரும்பி வந்தது. இன்னும் பலமாகத் தள்ளினான். அந்தப் பக்கத்திலும் பலம் கூடியது. இரும்பு என்றால் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இப்படி விட்டுக்கொடுத்து இழுப்பது கை செய்கிற வேலை. இருபது வருடம் இரும்போடு புழங்கியவனுக்கு இது தெரியாதா? அவன் கையை எடுத்துவிட்டான்.

காரின் மூக்கு அரை அங்குலம் இறங்கியது. ஜாக்கி முனகியது. கனமான ஏதோ ஒன்று அந்த டிஸ்க்கைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி இருந்தது.

அவன் எழுந்து வீட்டுக்குள் போய் சென்னகேசவனுக்கு போன் போட்டான். விரல் ஈரத்தில் எண்களின் மேல் வழுக்கியது.

"கேசவண்ணா, மோகனுங்க. அந்த டிஸ்க்குக்கு எந்த இரும்புங்க ஊத்துனீங்க?"

"உம்பட இரும்புதான் கண்ணு. போன மாசம் கொண்டாந்து போட்டயே, தோட்டத்துக் கெணத்துப் பம்பு. அதத்தான் ஊத்துனேன்."

"அத எல்லாத்தோடயும் சேத்து உருக்கச் சொன்னனுங்களே."

"நல்லா இருக்குதே. நாப்பது வருசத்து வார்ப்பு, எத்தன சூடேறுனாலும் வளையாது. அதப் போயி கண்டதோட கலக்கச் சொல்றயே. தனியா உருக்கி, உனக்குன்னே ரெண்டு ஊத்திக் குடுத்தேன். வேற ஒருத்தனா இருந்தா நல்லத எடுத்துப்போட்டு உனக்குப் புது இரும்பத் தள்ளியிருப்பான். பிரேக்கு எப்படி நிக்குதுன்னு மட்டும் நாளைக்குச் சொல்லு."

போனை வைத்தான். ரிசீவர் சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை வைத்தான்.

அந்தப் பம்பு அவன் அப்பா காலத்தில் கிணற்றுக்குள் இறக்கியது. கிணறு எண்பதடி, பாறையை வெட்டி இறக்கியது. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு ஆள் உயரம் மேலே கல்மேடை கட்டி, அதில் பம்பையும் மோட்டாரையும் பூட்டியிருந்தார்கள். நாலு வருடம் முன்னால் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்று பண்ணையம் பார்க்கிற அப்புசாமி இறங்கினார். அப்போதெல்லாம் தோட்டத்துக்குக் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டுமென்று ஸ்டார்ட்டரைப் போட்டபடியே விட்டுவைப்பது எல்லாத் தோட்டத்திலும் நடப்பது. "ஆப் செஞ்சாச்சுங்களா சின்னவரே?" என்று கீழேயிருந்து கேட்டார் அப்புசாமி. "செஞ்சுபோட்டேன்," என்று மேலேயிருந்து சொன்னான் மோகன்குமார். செய்யவில்லை. ஸ்டார்ட்டர் கொட்டகை வரைக்கும் நடக்கச் சோம்பல். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கணக்கு.

கரண்ட் முன்னாலேயே வந்தது.

அதோடு முடிந்திருந்தால் அது விபத்து. ஊரும் உலகமும் அதை மன்னித்திருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தபோது, அப்புசாமி உயிரோடுதான் இருந்தார். வலது கையைப் பம்பு கொண்டுபோயிருந்தது. முழங்கால் வரை தண்ணீரில், இடது கையால் பம்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். "கயிறு போடுங்க சின்னவரே," என்றார். சத்தம் போடாமல், மரியாதையாகத்தான் கேட்டார். மோகன்குமார் கயிறு எடுக்கப் போனான். கொட்டகையில் கயிற்றைக் கையிலும் எடுத்தான். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது: ஏறி வந்தால் இவர் சொல்லிவிடுவார். புவனாவோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். அவன் ஒரு தென்னைமரத்தின் அடியில் உட்கார்ந்தான். கிணற்றிலிருந்து வந்த குரல் ஓயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். பிறகு ஊரைக் கூட்டி, குடித்துவிட்டு இறங்கி, ஓடுகிற பம்பில் விழுந்துவிட்டார் என்றான்.

அப்புசாமியின் மனைவி கருப்பாத்தாள், தன் புருசன் குடிக்க மாட்டார் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆனைமலைக்குப் போய், தப்பு செய்தவனை அம்மன் தண்டிக்கட்டும் என்று மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசினாள். யார் பேரைச் சொல்வது என்று தெரியாததால் பேர் சொல்லாமல் பூசினாள் என்று கேள்வி. மோகன்குமார் அதைக் கேட்டு நிம்மதிப்பட்டான். இப்படியும் ஒரு பிறவி.

இப்போது நிம்மதி இல்லை. பயம். காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போய்விடலாம். டிஸ்க்கைக் கழற்றி, நாளைக்கே கொண்டுபோய் எங்காவது வீசிவிடலாம். இந்த முடிவோடு அவன் போர்டிகோவுக்குத் திரும்பினான்.

அப்போது கரண்ட் போனது. வீட்டுக்குள் ஓடிய ஃபேன், எதிர்வீட்டு டிவி, தெருமுனை மாவு மில், எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் வெறும் அமைதி. அந்த அமைதியில், காருக்கு அடியிலிருந்து, தண்ணீர் பாறையில் மோதித் திரும்புகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. தளக். சற்று நேரம் கழித்து, மறுபடி தளக். ஆழத்திலிருந்து வருகிற சத்தம். போர்டிகோவின் தரை சிவப்பு சிமெண்ட். அதற்குக் கீழே மண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். அஸ்திவாரம் தோண்டும்போது கூடவே நின்றவன் அவன்.

நட்டுகளைத் தளர்த்தினான். இரண்டு நட்டும் வந்துவிட்டன. டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலைப் பம்பரில் ஊன்றி இழுத்தான். ஒரு விரற்கடை வந்தது. வந்த அளவு உள்ளே போனது. இரும்பின் பின்புறத்தில், அவன் பார்க்க முடியாத பக்கத்தில், அவன் விரல்களின் மேல் விரல்கள் வந்து படிந்தன. குளிர்ந்தவை. நாலு விரல், ஒரு கட்டைவிரல்.

ஒரே ஒரு கை.

அவன் பின்னால் விழுந்தான். முழங்கை சிராய்த்தது.

"என்னாச்சுங்க?" புவனா வெளியே வந்தாள். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தாள். இன்னொரு தோடு கையில் இருந்தது. "கரண்ட்டும் போயிருச்சு. இன்னும் சக்கரமே மாட்டலீங்களா?"

"உள்ள போ புவனா."

"ஏனுங்க இப்படி வேர்த்துக் கெடக்கறீங்க? பஸ்ஸுல வேணா போயிக்கலாமுங்க, அதுக்கென்ன." அவள் நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். "யாரோ கூப்படற மாதிரி இருக்குதுங்க."

"யாரும் கூப்படல."

"இல்லீங்க. கீழயிருந்து."

பட்டுப்புடவையை முழங்கால் வரைக்கும் ஒதுக்கிக்கொண்டு அவள் தரையில் மண்டியிட்டாள். காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மோகன்குமாரும் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது நிழல் மட்டும். வெயில் நேரத்து நிழல். ஆனால் கொஞ்சம் அதிகமாகவே கறுப்பு. அதற்குத் தரை இருப்பதாகத் தெரியவில்லை.

"ஐயோ பாவம்," என்றாள் புவனா. குரல் இறங்கிவிட்டது. "ஏனுங்க, இதுக்குள்ள ஒருத்தரு விழுந்து கெடக்கறாருங்க. ஒத்தக் கையில புடிச்சுத் தொங்கறாரு."

"புவனா, எந்திரி."

"பெரியவருங்க." அவள் அவன் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. குப்புறப் படுத்துவிட்டாள். சாக்கடையில் நாய்க்குட்டி விழுந்தாலும் இறங்கித் தூக்குகிறவள். ஒரு ஆள் தொங்கும்போது பட்டுப்புடவையா பார்க்கப்போகிறாள்? கை நிழலுக்குள் போனது. மணிக்கட்டு. முழங்கை. தோள். கன்னத்தைச் சிமெண்ட்டில் வைத்து, பல்லைக் கடித்துத் துழாவினாள். "இருங்க, இருங்க. எட்டிப் புடிங்க. இந்தாங்க."

பிறகு அவள் உடம்பு முழுவதும் ஒருமுறை இறுகியது.

"புடிச்சுட்டனுங்க," என்றாள். "என்ன இப்படிக் குளுந்து கெடக்குது கை."

மோகன்குமார் அவள் காலைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவள் இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள். கையைக்கூட நீட்டினான்.

"உங்களத் தெரியுமுங்கறாரு," என்றாள் புவனா, மூச்சு வாங்கியபடி. "சின்னவரு கயிறு எடுக்கப் போனாரு, இன்னும் வரலீங்க அம்மணின்னு சொல்றாருங்க. என்னங்க அது? நின்னுட்டே இருக்கறீங்களே. போங்க, கயிறு கொண்டாங்க. என்னால ரொம்ப நேரம் புடிக்க முடியாது."

அவன் உள்ளே ஓடினான்.

ஸ்டோர் ரூமில் கயிறு இருந்தது. நைலான் கயிறு, கட்டுப் பிரிக்காதது. எடுத்தான். ஹாலுக்கு வந்தான். நிலைக்கதவு வரைக்கும் வந்துவிட்டான்.

நின்றான்.

ஏறி வந்தால் சொல்லிவிடுவார். பாதி சொல்லிவிட்டார். மீதியையும் புவனாவிடம் சொல்லிவிடுவார். அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். அப்புறம் அவள் அந்த முகத்தோடு அவனைத் தினமும் பார்ப்பாள்.

"ஏனுங்க. சீக்கிரம் வாங்க."

கதவுப் பக்கத்து ஜன்னலில் பார்த்தால், காரின் அடியிலிருந்து அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. மருதாணி வைத்த பாதங்கள். இரண்டும் சிமெண்ட்டில் தேய்ந்து, ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்தன. நின்றன. மறுபடி ஒரு விரற்கடை. கொலுசு தரையைக் கீறியது.

"என்னங்க. இழுக்கறாருங்க."

போ என்றது மனம். ஒரு அடி போதும். அவன் கை நீண்டது. கதவைப் பிடித்தது.

சாத்தியது.

தாழ்ப்பாள் போட்ட சத்தம் அவனுக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

"மோகன்," என்றாள் வெளியே. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஜாக்கி முனகியது. நீளமாக. கொலுசு கீறியது. கீறியது. நின்றது.

தளக்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கரண்ட் வந்தது. மாவு மில் ஓடியது. எதிர்வீட்டு டிவியில் யாரோ கைதட்டினார்கள். தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவன் மெதுவாகக் கண்ணைத் திறந்து ஜன்னலில் பார்த்தான். போர்டிகோவில் யாரும் இல்லை. சிமெண்ட்டின் மேல் ஒரு தோடு கிடந்தது. காரின் மூக்கு மட்டும் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. தொங்கிய கனம் இறங்கிவிட்ட மாதிரி. ஏறவேண்டியவர்கள் ஏறிவிட்ட மாதிரி.

"கயிறு வேண்டாமுங்க," என்றது புவனாவின் குரல், கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில். மூச்சு வாங்கவில்லை. கோபமும் இல்லை. "நாங்களே ஏறிட்டோம்."

கதவுக்கு அடியில் ஓர் அங்குல இடைவெளி. அதன் வழியாகச் சாயங்கால வெயில் ஹால் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அந்த வெயிலில், நகராமல், நாலு பாதங்களின் நிழல்.